முதுகைத் திருப்பி உட்கார்ந்த கணவன்: ஆசியத் தொடர்களின் காதல் குறித்து

கொரிய, ஜப்பானிய, சீனத் தொடர்களை விரும்பிப் பார்க்கிறோம் என்று சொன்ன மாத்திரத்தில் எங்களைப் போன்ற ரசிகைகள் மீது ஒரு குற்றச்சாட்டு வந்து விழும். இத்தொடர்கள் நடக்காத காதலைக் காட்டி மனத்தைக் கெடுக்கின்றன, கோடீஸ்வர வாரிசு ஒருவன் வந்து குடை பிடிப்பான் என்று ஏங்க வைக்கின்றன, அதனால் வீட்டில் இருக்கும் மனிதர் குறைவாகத் தெரிகிறார் என்பார்கள். இதில் பாதியை நான் ஏற்கிறேன். அப்படிப்பட்ட தொடர்கள் ஏராளமாக உண்டு. அவற்றின் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் இந்த மரபு தந்த மிகச் சிறந்த காதல் கதைகளை எடுத்துப் பார்த்தால், அவை கேட்கும் கேள்விகள் மிகவும் நடைமுறையானவை. வீட்டில் சமைப்பது யார், பந்தியில் யார் எங்கே உட்கார்கிறார்கள், யாருடைய உழைப்புக்குக் கணக்கு வைக்கப்படுகிறது, காதலிக்கிறேன் என்று சொல்பவன் இந்த ஏற்பாட்டில் எதையாவது மாற்றுகிறானா? ஒரு தொடரின் காதலை நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். முத்தக் காட்சியையும் பின்னணிப் பாடலையும் வைத்து அல்ல.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். யோகோ காமியோ 1992இல் வரையத் தொடங்கிய 'ஹானா யோரி டாங்கோ' என்ற ஜப்பானிய மாங்கா (படக்கதை), 2001இல் தைவானில் 'மீட்டியார் கார்டன்' ஆனது. 2005இல் ஜப்பானிலேயே தொடரானது. 2009இல் கொரியாவில் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' ஆனது. 2018இல் சீனாவில் மீண்டும் எடுக்கப்பட்டது. ஒரே கதை நான்கு நாடுகளைச் சுற்றி வந்திருக்கிறது என்றால் அதன் ஈர்ப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. கொரிய வடிவத்தில் கதாநாயகி ஜான்-டி ஒரு சலவைக் கடைக்காரரின் மகள். பெரும் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவளுடைய பெட்டியில் சிவப்பு அட்டை தொங்கவிடப்படுகிறது. அன்று முதல் பள்ளியே சேர்ந்து அவளை வதைக்கிறது. அந்த அட்டையின் பின்னால் இருப்பவன் கு ஜுன்-ப்யோ. அவனே பிறகு அவளை ஆட்களை விட்டுத் தன் மாளிகைக்குத் தூக்கி வரச் செய்து, உடையையும் ஒப்பனையையும் மாற்றி அழகு பார்க்கிறான். இதை நாம் காதலின் தொடக்கம் என்று ரசிக்க வேண்டும் என்கிறது தொடர். அவனாக நடித்த லீ மின்-ஹோவின் வசீகரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வசீகரம் இருப்பதாலேயே வன்முறை அன்பாகிவிடாது. அந்தக் காலத் தொடர்களில் கதாநாயகன் பெண்ணின் மணிக்கட்டைப் பற்றித் தரதரவென்று இழுத்துச் செல்லாத தொடரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவள் "விடு" என்று சொல்வதும், அவன் விடாததும், அதற்கு உருக்கமான இசை சேர்ப்பதும் ஒரு வாய்பாடாகவே இருந்தன. புதுயுகம் தொலைக்காட்சி தமிழ்க் குரலில் ஒளிபரப்பிய கொரியத் தொடர்கள் வழியாக இந்த உலகுக்குள் நுழைந்த தமிழ் ரசிகைகள் பலர் உண்டு. அவர்களில் பலருக்கு அந்த வாய்பாடுதான் கொரியக் காதலின் முதல் அறிமுகம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது.

அந்த வாய்பாடு உடையத் தொடங்கியதை 2018இல் வந்த 'சம்திங் இன் தி ரெய்ன்' தொடரில் பார்க்கலாம். கொரியாவில் மீ டூ இயக்கம் எழுந்த அதே காலத்தில் ஒளிபரப்பானது அது. சன் யே-ஜின் நடித்த ஜின்-ஆ, முப்பதுகளில் இருக்கும் அலுவலகப் பெண். அலுவலக விருந்துகளில் ஆண் அதிகாரிகளுக்கு இறைச்சியைச் சுட்டுப் புரட்டிப் பரிமாறுவதும், பாட்டுக்கூடத்தில் அவர்களுக்காகத் தம்புரின் தட்டுவதும் அவள் வேலைப் பட்டியலில் எழுதப்படாத வேலைகள். தன்னை விட வயதில் இளையவன் ஒருவன் தன்னை மதித்து நேசிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு விருந்தில் அவள் அந்த வேலையைச் செய்ய மறுத்து உட்கார்ந்திருக்கிறாள். வசனம் அதிகம் இல்லாத அந்தக் காட்சிதான் என் பார்வையில் அத்தொடரின் உச்சம். நேசிக்கப்படும் ஒருத்திக்குத் தன்மீது தனக்கே மதிப்பு கூடுகிறது, அந்த மதிப்பு அலுவலகம் வரை போகிறது என்பதை இவ்வளவு இயல்பாகச் சொன்ன தொடர்கள் குறைவு. பின்பாதியில் அம்மாவின் எதிர்ப்பு, ஒளித்தல், மறைத்தல் என்று அவளை மீண்டும் மீண்டும் கோழையாக்கி எழுதியது, தொடரை உருவாக்கியவர்கள் தாங்களே வளர்த்த பெண்ணுக்குத் தாங்களே செய்த துரோகம். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லோரும் கொண்டாடும் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' தொடருக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் தொடங்கி 2020 பிப்ரவரியில் முடிந்தது. பார்க் ஜி-உன் எழுதியது. பாராகிளைடரில் பறந்த தென் கொரியத் தொழிலதிபர் வீட்டுப் பெண் யூன் செ-ரி, புயலில் சிக்கி எல்லையைத் தாண்டி வட கொரியப் பக்கம் வந்து விழுகிறாள்; ராணுவ அதிகாரி ரி ஜியோங்-ஹ்யோக் அவளை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறான். துப்பாக்கிச் சண்டைகளும் துரத்தல்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் அவனை ரசிகைகள் மறக்காததற்குக் காரணம் வேறு. அவளுக்காக அவன் பச்சைக் காப்பிக் கொட்டையை வாங்கி வந்து, இரும்புப் பானையில் வறுத்து, கையால் பொடித்துக் காப்பி போடுகிறான். வாசனை மெழுகுவர்த்தி வேண்டும் என்று அவள் கேட்டபோது, அது என்னவென்றே தெரியாமல் சாதாரண மெழுகுவர்த்தியைக் கொண்டு வந்து தருகிறான். பிறகு ஒரு நாள் சந்தையில் இருட்டியபின் அவள் வழி தவறித் தவிக்கும்போது, கூட்டத்துக்கு நடுவே ஒரு மெழுகுவர்த்தியை உயரப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இம்முறை வாசனை உள்ளதுதானே என்று கேட்கிறான். முன்பு செய்த பிழையை நினைவில் வைத்து, கேட்டறிந்து, தேடி வாங்கியிருக்கிறான் என்பதுதான் அந்தக் காட்சியின் உயிர். அவள் மணிக்கட்டை அவன் பிடித்து இழுக்கவில்லை. அவள் தானே நடந்து வருவதற்கு வெளிச்சம் காட்டுகிறான்.

இந்தக் கனவு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பார்க் ஜி-உன், கிம் உன்-சுக், நோ ஹீ-க்யோங் என்று கொரியத் தொடர்களின் முன்னணி எழுத்தாளர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பதினாறு எபிசோடுகளையும் பெரும்பாலும் ஒரே எழுத்தாளர் எழுதி முடிப்பதால் அவருடைய ஆசையும் ஆத்திரமும் சிதறாமல் திரைக்கு வருகின்றன. அவர்கள் வாழும் நாட்டில், வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி, ஆண் பெண் ஊதிய இடைவெளி உறுப்பு நாடுகள் அனைத்திலும் மிகப் பெரியது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 0.72 என்று இறங்கியது. திருமணம் என்பது தன் வாழ்க்கையை ஒப்புக்கொடுப்பது என்று அஞ்சும் ஒரு தலைமுறைக்காகத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அடுப்படியில் நின்று காப்பிக் கொட்டை வறுக்கும் ராணுவ வீரன் வெறும் அழகுப் பொம்மை அல்ல. அவன் ஒரு கோரிக்கை.

'ரிப்ளை 1988' என்ற கொரியத் தொடர் பற்றி இரண்டு வார்த்தை. அதன் நாயகி டியோக்-சுன், நண்பர்களான டேக், ஜியோங்-ஹ்வான் இருவரில் யாரை மணந்திருக்க வேண்டும் என்று 2016 ஜனவரியில் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. நான் டேக் பக்கம். முதலில் காதலித்தவன் ஜியோங்-ஹ்வான்தான், ஆழமாகக் காதலித்தவனும் அவனாக இருக்கலாம். ஆனால் அவன் காதல் அவன் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. அரங்கின் வாசலில் அவள் தனியாக நிற்கிறாள் என்று அறிந்து அவன் காரில் விரையும்போது சிவப்பு விளக்குகள் தடுக்கின்றன. போய்ச் சேர்ந்தால் டேக் முன்பே வந்து நிற்கிறான், தான் ஆட வேண்டிய பாதுக் என்னும் பலகை ஆட்டத்தையே விட்டுவிட்டு. தன்னைத் தோற்கடித்தது விளக்குகள் அல்ல, தன் தயக்கமே என்று ஜியோங்-ஹ்வானே உணர்கிறான். அவனே ஒப்புக்கொண்ட பிறகு நாம் ஏன் சண்டை போட வேண்டும்?

காதலிப்பவனை ஒரு பெண் எதை வைத்து நம்புவது என்ற கேள்வியைச் சீனத் தொடர்களில் மிக நுணுக்கமாகக் கையாண்டது 2018 டிசம்பரில் தொடங்கிய 'தி ஸ்டோரி ஆஃப் மிங்லான்'. சோங் அரச காலத்துக் கதை, எழுபதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள். வைப்பாட்டியின் மகளாகப் பிறந்து, தாயை இழந்து, பெரிய வீட்டின் சூழ்ச்சிகளுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு வளர்ந்த மிங்லான், திருமணத்துக்குப் பிறகும் தன் மனத்தைக் கணவனிடம் முழுதாகத் திறப்பதில்லை. குறை சொல்ல முடியாத மனைவியாக அவள் நடந்துகொள்வதே கு டிங்யேயை வருத்துகிறது. கடமை முழுதும் வந்து சேர்கிறது, நம்பிக்கை வந்து சேரவில்லை. அவள் தயக்கத்தைத் தொடர் குறையாகக் காட்டவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் ஆண்களின் அன்பை நம்பிய பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் பொறுமையாகக் காட்டிவிட்டுத்தான் அவளிடம் நம்பிக்கையைக் கேட்கிறது.

ஆனால் வீட்டு வேலையையே நேரடியாகக் காதலின் மையத்தில் வைத்தது, 2016இல் டிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய, ரசிகர்கள் சுருக்கமாக 'நிகேஹஜி' என்று அழைக்கும் ஜப்பானியத் தொடர்தான். முதுகலை வரை படித்தும் ஒப்பந்த வேலையை இழந்த மிகுரி, ட்சுசாகி என்ற கணினிப் பொறியாளரின் வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். பிறகு இருவரும் கணக்குப் போட்டு ஒரு ஏற்பாட்டுக்கு வருகிறார்கள்: வெளியுலகுக்குக் கணவன் மனைவி, வீட்டுக்குள் முதலாளியும் சம்பளம் வாங்கும் பணியாளும். ஒப்பந்தக் கல்யாணக் கதைகள் கொரியாவிலும் சீனாவிலும் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் ஒப்பந்தம் இருவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டு வருவதற்கான சாக்கு மட்டுமே. இங்கே ஒப்பந்தம்தான் கதை. துவைப்பதும் பெருக்குவதும் சமைப்பதும் வேலை, வேலைக்கு விலை உண்டு என்பதை முதல் எபிசோடிலிருந்தே தொடர் மறைக்காமல் பேசுகிறது.

பத்தாவது எபிசோடில் ட்சுசாகி அவளிடம் உண்மையாகவே திருமணம் செய்துகொள்ளலாம் என்கிறான். பெண்களை நெருங்கவே கூசும் அந்த மனிதன் இவ்வளவு தூரம் வந்ததைப் பார்த்து நாமெல்லாம் மகிழத் தயாராக இருக்கிறோம். ஆனால் அவன் தன் வழக்கப்படி கணக்கோடு வருகிறான்: மனைவியாகிவிட்டால் சம்பளம் தர வேண்டியதில்லை, அந்தப் பணத்தைச் சேமிக்கலாம். மிகுரி நேராகக் கேட்கிறாள்: காதலிக்கிறாள் என்பதற்காக ஒருத்தி இதுவரை கூலி வாங்கிச் செய்த வேலையை இனி இலவசமாகச் செய்ய வேண்டுமா? அது காதலைச் சுரண்டுவது, அதற்கு உடன்பட மாட்டேன் என்கிறாள். திருமணக் கோரிக்கைக் காட்சியில் இப்படி ஒரு பதிலை நான் வேறெந்தத் தொடரிலும் கேட்டதில்லை. அவள் அவனை வெறுத்துச் சொல்லவில்லை. மிகவும் நேசித்தபடியே சொல்கிறாள். அடுத்த எபிசோடில் இருவரும் வீட்டை ஒரு நிறுவனமாகவும் தங்களை அதன் கூட்டுப் பொறுப்பாளர்களாகவும் வைத்து, யார் எதைச் செய்வது என்று பேசிப் பங்கிடுகிறார்கள். பங்கீடு உடனே ஒழுங்காக நடப்பதில்லை, சலிப்பும் மனத்தாங்கலும் வருகின்றன, மறுபடி பேசுகிறார்கள். கதாநாயகன் கதாநாயகி இருவராக நடித்த ஹோஷினோ கென்னும் அரகாகி யுயியும் 2021இல் உண்மையாகவே மணந்துகொண்டபோது ரசிகர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு, அந்தப் பேச்சுவார்த்தைகளும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இதே கேள்வியைக் கண்ணீரோடு கேட்டது 2025 மார்ச்சில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்'. லிம் சாங்-சுன் என்ற புனைபெயரில் எழுதுபவரின் கதை, கிம் வோன்-சோக் இயக்கம். ஜேஜு தீவில் முக்குளித்துப் பிழைத்த ஹேன்யோ ஒருத்தியின் மகள் ஏ-சுன். கவிஞராக ஆசைப்பட்டவள், இளமையிலேயே குவான்-ஷிக் என்ற பேசத் தெரியாத பையனை மணந்து மாமியார் வீட்டில் வந்து சேர்கிறாள். அந்த வீட்டில் ஆண்களுக்குப் பெரிய மேசை. பெண்களுக்கு அருகே ஒரு சிறிய மேசை. எல்லோரும் உண்டுகொண்டிருக்கும்போது குவான்-ஷிக் தன் வீட்டு ஆண்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மனைவி உட்கார்ந்திருக்கும் மேசையைப் பார்த்து அமர்கிறான். அவ்வளவுதான். மேடைப் பேச்சு இல்லை, யாரையும் எதிர்த்துக் கத்தவில்லை. தலைமுறை தலைமுறையாக அசையாமல் இருந்த ஒரு பந்தி வரிசை, ஒருவன் இடுப்பைத் திருப்பியதில் குலைந்துபோகிறது. பின்னர், மகள் கும்-மியோங்கையும் கடலுக்கு அனுப்பும் எண்ணத்தோடு நடக்கும் சடங்கில் ஏ-சுன் படையல் மேசையையே கவிழ்க்கும்போது, அவன் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறான். ஏ-சுன் பின்னால் மீனவர் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வெல்லும் வரை போகும் கதையின் வேர் அந்த மேசையில்தான் இருக்கிறது. குவான்-ஷிக் அவளுக்காகக் கப்பலிலிருந்து கடலில் குதித்து நீந்தி வந்த காட்சியைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். எனக்குக் கடலை விட அந்த மேசை பெரிது. கடலில் குதிப்பதற்கு ஒரு கணத்து வேகம் போதும். சொந்தத் தகப்பனுக்கும் பாட்டிக்கும் முன்னால் முதுகைத் திருப்பி உட்கார்ந்துவிட்டு மறுநாளும் அதே வீட்டில் சாப்பிட வேண்டும்.

இதனால்தான் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' முடிவில் எனக்கு முழு நிறைவு இல்லை. செ-ரியும் ஜியோங்-ஹ்யோக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சுவிட்சர்லாந்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். இரு நாடுகளின் எல்லையை வைத்துப் பார்த்தால் அதற்கு மேல் எழுதியிருக்கவும் முடியாது என்பதை உணர்கிறேன். ஆயினும் வட கொரியக் கிராமத்தில் ஒரே சமையலறையில் அவர்கள் கழித்த நாட்களில் இருந்த உயிர், அந்தப் புல்வெளி விடுமுறையில் இல்லை. 'நிகேஹஜி' அப்படி முடித்துக்கொள்ளவில்லை. 2021 ஜனவரி 2 அன்று வந்த அதன் சிறப்புத் தொடர்ச்சியில் மிகுரி கருவுறுகிறாள், ட்சுசாகி அலுவலகத்தில் தந்தைமை விடுப்பு கேட்கப் போய் முகச்சுளிப்பைச் சந்திக்கிறான். அதில் பிரசாரம் சற்றுக் கூடுதல்தான், சில இடங்களில் பாத்திரங்கள் பாடம் நடத்துகின்றன. இருந்தும் மசக்கையில் எழ முடியாமல் கிடப்பவளையும், வீட்டையும் அலுவலகத்தையும் சமாளிக்கத் தெரியாமல் தத்தளிப்பவனையும் காதல் கதையின் பகுதியாகவே காட்டும் தைரியம் அதற்கு இருந்தது. கொரிய எழுத்தாளர்களும் கல்யாணத்தைக் கடைசி எபிசோடில் வைக்காமல் நான்காவது எபிசோடிலேயே முடித்துவிட்டு, மீதிப் பன்னிரண்டையும் அதற்குப் பின்னால் நடப்பதற்குக் கொடுக்க வேண்டும்.