மஸில் கார் என்றால் ரப்பர் மேட்டும் நீள சீட்டும்தான்

மஸில் கார், அதாவது அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க வேக வண்டிகள், மேல் பைத்தியம் பிடித்த நாலு பேரைக் கூட்டி வைத்து, "உனக்குப் பிடித்த ஒரே ஒரு வண்டியைச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் ஹெமி என்கிற பெரிய இன்ஜின் போட்ட பிளைமவுத் குடா என்பார், அடுத்தவர் பாஸ் 429 மஸ்டாங் என்பார், மூன்றாமவர் தனக்கு விவரம் அதிகம் என்று காட்டிக்கொள்ள இசட்எல்1 கமாரோ என்பார், நாலாமவருக்கு மூக்கு நீண்டு முதுகில் ஆளுயரத்துக்கு ரெக்கை வைத்த பிளைமவுத் சூப்பர்பேர்ட். எல்லாமே அருமையான வண்டிகள், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு எரிச்சல் வரும். இன்று கனவு வண்டி என்று சொல்கிற இவற்றைப் புதிதாக இருந்தபோது வாங்க ஆளே அதிகம் இல்லை.

இசட்எல்1 கமாரோவையே எடுத்துக்கொள்வோம். 1969ல் வந்தது, 427 கன அங்குலத்தில் (நம் கணக்கில் ஏழு லிட்டர்) முழு அலுமினிய இன்ஜின், மொத்தம் செய்ததே 69 வண்டி. சாதாரண கமாரோவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விலை, 7,000 டாலரைத் தாண்டிவிட்டது. 50 வண்டி வேண்டும் என்று முதலில் ஆர்டர் போட்ட இலினாய்ஸ் டீலரே பில்லைப் பார்த்து ஆடிப்போய் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிட்டார். சூப்பர்பேர்ட் கதை இன்னும் பரிதாபம். நாஸ்கார் என்கிற அமெரிக்க கார் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமென்றால் இத்தனை வண்டி பொதுமக்களுக்கும் செய்தாக வேண்டும் என்று விதி இருந்ததால் 1970ல் செய்து டீலர்கள் தலையில் கட்டினார்கள். பல ஷோரூம்களில் மாதக்கணக்கில் தூசி படிந்து நின்றது. சில டீலர்கள் அந்த மூக்கையும் ரெக்கையையும் கழற்றிவிட்டு சாதா வண்டியாக்கி விற்றார்கள். இன்றைக்கு அந்த ரெக்கைக்காக எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று நினைத்தால் அந்த டீலர்களுக்குத் தூக்கம் வராது.

சரி, அப்படியானால் எதை மஸில் கார் என்பது? பெரிய இன்ஜினை எடு, நடுத்தர சைஸில் இருக்கிற மலிவான வண்டிக்குள் திணி, இளவட்டங்கள் மாதத் தவணையில் வாங்குகிற விலைக்கு விற்றுவிடு. அவ்வளவுதான் விஷயமே. இதைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது 1964 பான்டியாக் ஜிடிஓ (1949 ஓல்ட்ஸ்மொபில் ராக்கெட் 88தான் முதல் என்று ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும், வரட்டும்). நடுத்தர சைஸ் வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக்கூடாது என்பது பான்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்தின் கட்டளை. பான்டியாக்கின் தலைமை இன்ஜினியர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்: புது மாடல் என்றால்தான் மேலிடத்து அனுமதி வேண்டும், ஏற்கெனவே விற்கிற டெம்பெஸ்ட் வண்டிக்கு ஒரு ஆப்ஷன் என்று கொடுத்தால் யாரையும் கேட்க வேண்டாம். அப்படித்தான் 389 கன அங்குல இன்ஜின், கிட்டத்தட்ட 300 டாலர் கூடுதல் விலையில், பின்வாசல் வழியாக உள்ளே போனது. 5,000 விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் வருடமே 32,000க்கு மேல் போனது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஜிடிஓ இல்லை. அது நாலு வருடத்தில் கொஞ்சம் பணக்கார வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. விலையும் 3,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில், 1968ல், பிளைமவுத்காரர்கள் செய்தது ரோட் ரன்னர். அடிப்படை விலை 2,896 டாலர். வெளியே பார்த்தால் டாக்ஸி மாதிரி இருக்கும். உள்ளே கார்ப்பெட் கிடையாது, ரப்பர் மேட். தனித்தனி சீட் கிடையாது, பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட். பின்சீட் ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காது, ஒரு ஓரமாகத் தள்ளித் திறக்கலாம், அவ்வளவுதான். மிச்சம் பிடித்த காசெல்லாம் பானட்டுக்குள் போயிருக்கிறது: 383 கன அங்குல வி8, அதற்குப் பெரியண்ணனான 440 இன்ஜினின் ஹெட்டும் கேம்ஷாஃப்டும், 335 குதிரைத்திறன், கூடவே நாலு ஸ்பீடு கியர். கால் மைல் தூரத்தைப் பதினாலு செகண்டுச் சொச்சத்தில் ஓட வேண்டும், விலை 3,000க்குள் நிற்க வேண்டும், இவ்வளவுதான் கணக்கு.

இதில் ஒரு கிறுக்குத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கார்ப்பெட்டுக்குக் காசு தராத கம்பெனி, வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து ரோட் ரன்னர் என்கிற கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் வாங்கியது. அது போதாது என்று "மீப் மீப்" என்று கத்துகிற ஹாரனையும் தனியாகச் செய்து மாட்டியது. சுமார் 45,000 பேர் முதல் வருடமே வாங்கினார்கள். திங்கட்கிழமை அதே வண்டியில் ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போய், சனிக்கிழமை ராத்திரி அதே வண்டியில் சிக்னலில் நின்று பக்கத்து வண்டிக்காரனை முறைத்தவர்கள் இவர்கள்.

குறையே இல்லையா என்றால், நிறைய. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், டயர் இன்றைய கணக்கில் சைக்கிள் டயர் மாதிரி, ஒரு தடவை நூறு மைல் வேகத்திலிருந்து அழுத்தி நிறுத்தினால் அடுத்த தடவை நிற்குமா என்பது அவரவர் குலதெய்வத்தின் கையில். பெட்ரோலைக் குடிக்காது, கொட்டிக்கொள்ளும். வளைவுகள் வேண்டாம், நேர்ரோடு கொடுங்கள் என்று கேட்கிற ஜாதி. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் புகழ்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

செவர்லே கம்பெனியின் 1970 செவல் எஸ்எஸ் 454 எல்எஸ்6 பற்றிக் கேட்பீர்கள். 450 குதிரைத்திறன், அந்தக் காலத்து விளம்பரக் கணக்கில் உச்சம் அதுதான். நல்ல வண்டி, சண்டையில்லை. அதற்கடுத்த வருடமே எல்லாம் இறங்குமுகம். இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் எகிறியது, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக இன்ஜினின் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள், 1971ஓடு ஹெமி நின்றது, 1973ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வேறு.

1971ல் ஹெமி இன்ஜினோடு திறந்த கூரை குடா செய்தது 11 தான். அதில் ஒன்று 2014ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. முப்பத்தைந்து லட்சம்! அதை எந்த சிக்னலில் கொண்டுபோய் நிறுத்த முடியும்?

ஹெமி என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு வண்டி விதிவிலக்கு. டெட்ராய்ட்டில் மோட்டார் சைக்கிளில் ரோந்து போகிற போலீஸ்காரர் ஒருவர் 1969 டிசம்பரில் ஒரு கறுப்பு ஹெமி சேலஞ்சரை ஆர்டர் கொடுத்து வாங்கினார். ராத்திரியில் தெருப்பந்தயத்துக்கு வருவார், எல்லோரையும் ஜெயிப்பார், மறைந்துவிடுவார். யாரென்றே பலருக்குத் தெரியாது. 'பிளாக் கோஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாகும்வரை அவர் அதை விற்கவில்லை, பெயின்ட்டும் அடிக்கவில்லை. அந்தக் காலத்துக் கறுப்பு பெயின்ட் கீறலோடும் தேய்மானத்தோடும் அப்படியே இருக்கிறது. 2023ல் அதுவும் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கேட்டபோது மனசு என்னவோ போல் ஆனது.

நான் மிச்சிகனில் இருப்பதால் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை வந்தால் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அன்று பழைய வண்டிகள் ஊர்வலமாக ஓடுகிற டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவுக்குப் போய்விடுவேன். அறுபதுகளில் கார் கம்பெனி இன்ஜினியர்களே தங்கள் வண்டிகளை ராத்திரியில் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்த ரோடு அது. போன தடவை ஒரு 68 ரோட் ரன்னர் ஓரமாக நின்றது. வெயிலில் வெளுத்த பச்சை, இரும்பு வீலில் சின்ன மூடி, டிரைவர் பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டையான ரப்பர் மேட். இன்ஜின் ஓடும்போது மொத்த வண்டியும் இடப்பக்கமும் வலப்பக்கமும் லேசாக ஆடுகிறது, ஸ்டாண்டு போட்ட பழைய புல்லட் மாதிரி. பின்னால் நின்றால் கண் எரிகிறது.

ஓனருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எதையாவது மாற்றியிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே என்றார் கம்பீரமாக. நான் குனிந்து முன் சக்கரத்தின் இடுக்கில் பார்த்தேன். உள்ளே பளபளவென்று புது டிஸ்க் பிரேக். நிமிர்ந்தபோது அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேத்தியும் இதில் ஏறுவாள்" என்றார் கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே."