கட்டுப் போட்டவர்கள் ஒரு துண்டு எழுதித் தரவில்லை

நிவாரண முகாமில் வெளிநாட்டு மருத்துவக் குழு சிகிச்சை செய்யும்போது எடுத்த ஒரு படத்தை நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிறீர்கள். வெளிநாட்டு வைத்தியரின் மடியில் இருக்கும் பிள்ளையின் முகமும் காலிலுள்ள புண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. படமெடுக்கத் தாயிடம் அனுமதி கேட்டார்களா என்று நான் எழுதியதற்கு, "தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று பதில் வந்தது. உதவ வந்தவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் பாயில் படுத்திருந்தாலும் நோயாளி நோயாளிதான். கட்டிலில் படுத்திருப்பவருக்குள்ள உரிமை அவருக்கும் உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போய் இரண்டு வாரம் மொழிபெயர்ப்பாளராக நின்றேன். தகரம் வெட்டிய முழங்காலில் கட்டுடன் ஒரு பெரியம்மா இருந்தார். கட்டுப் போட்ட வெளிநாட்டுக் குழு மூன்றாம் நாளே போய்விட்டது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டார்களா, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அடுத்து வந்த வைத்தியர் கேட்டபோது, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த குளிசை அட்டையை அவிழ்த்துக் காட்டினார். அதிலிருந்த எழுத்து எங்களில் எவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

இது என் தனிப்பட்ட மனக்குறை மட்டுமல்ல. 2010 ஜனவரி 12இல் ஹெயிட்டியில் நிலம் நடுங்கியபின் கை கால் அகற்றப்பட்ட பலருக்கு ஒழுங்கான சிகிச்சைப் பதிவும் தொடர் சிகிச்சையும் இருக்கவில்லை. அந்த அனுபவத்தின் பின்னரே உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கான குறைந்தபட்சத் தரங்களை வெளியிட்டது. அதன்படி எந்தக் குழுவானாலும், தம் நாட்டில் பதிவுபெற்றவர்களே வர வேண்டும், சிகிச்சையைப் பதிந்து வைக்க வேண்டும், உள்ளூர்ச் சுகாதாரத் துறையோடு இணைந்தே இயங்க வேண்டும்.

அவசரத்தில் எழுத நேரமேது என்கிறீர்கள். முதல் சில மணி நேரத்துக்கு அதை ஏற்கிறேன். படமெடுக்க நேரம் கிடைத்தபின் ஏற்கமாட்டேன். எங்கள் வைத்தியசாலைகள் மட்டும் ஒழுங்கா என்றும் ஒருவர் கேட்டார். இல்லைதான், தமிழில் வலியைச் சொல்லி விளங்கவைக்க முடியாமல் இந்தக் கொழும்பிலேயே நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: எங்கள் உடம்புக்கு என்ன செய்தார்கள் என்பதைக்கூட நாங்கள் அறியக் கூடாதா?

அன்று அந்தப் பெரியம்மா வைத்தியரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கும் வாசிக்கத் தெரியாதா புள்ள?" என்றார். நான் அட்டையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தேன்.