அந்த ‘2 நிமிடம்’ யாருடைய கணக்கு?

போன வாரம் ஒரு மெட்ரோ நிலையத்தில் பிளாட்பார போர்டு, அடுத்த வண்டி வர ‘2 நிமிடம்’ என்று காட்டியது. நானும் அதை நம்பி, பையிலிருந்து எடுத்த புத்தகத்தை மறுபடி உள்ளே வைத்துவிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதால் உறுதியாகச் சொல்கிறேன், அந்த 2 நிமிடம் முழுசாக 9 நிமிடம் ஓடியது. நடுவில் ஒருமுறை 1 ஆனது, அப்புறம் என்ன தோன்றியதோ மறுபடி 2 ஆகிவிட்டது. வண்டி தாமதமானதில் கோபமில்லை. ரயில் என்றால் தாமதமாகும்தான். முதலிலேயே 9 என்று போட்டிருந்தால் நாலு பக்கம் படித்திருப்பேனே என்பதுதான் கடுப்பு.

இதைப் புலம்பியபோது நண்பர் ஒருவர், “போர்டே இல்லாத காலத்தில் என்ன செய்தாயாம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கழுத்தை நீட்டிச் சுரங்கத்துக்குள் எட்டிப் பார்ப்போம், வேறென்ன. வண்டி சுரங்கத்தில் தனக்கு முன்னால் இருக்கும் காற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு வரும், சைக்கிள் பம்புக்குள் தண்டு இறங்குவது போல. அதனால் முதலில் முகத்தில் காற்று, பிறகு தண்டவாளத்தில் மெல்லிய ஒரு சத்தம், அப்புறம் வளைவுச் சுவரில் வெளிச்சம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. போர்டில் ‘4 நிமிடம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும்போதே மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

சரி, போர்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போது வரும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று, காத்திருப்பின் மனோவியலை ஆராய்ந்த டேவிட் மைஸ்டர் 1985இலேயே எழுதிவிட்டார். அமெரிக்காவின் சியாட்டிலில் பேருந்துப் பயணிகளை ஆராய்ந்தவர்களும் இதற்கு ஒத்த ஒன்றைத்தான் கண்டார்கள்: வண்டி எங்கே வருகிறது என்ற தகவல் கையில் இல்லாதவர்கள் உண்மையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றதாக நினைத்தார்கள், தகவல் இருந்தவர்களின் நினைப்பு கடிகாரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. ஒரு வண்டிகூடக் கூடுதலாக விடாமல் பயணிகளின் எரிச்சலைக் குறைக்க முடிகிறது. அதனால்தான் நிர்வாகங்களுக்கு இந்த போர்டு மேல் அவ்வளவு ஆசை. ஆனால் இந்த நிம்மதி முழுக்க அந்த எண்ணை நம்புவதில்தான் இருக்கிறது. நம்பிக்கை போனால், போர்டு இல்லாததைவிட மோசம். கடிகாரத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தே நேரம் போய்விடும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மெட்ரோ என்றாலே எல்லா வண்டியும் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் துல்லியமாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பழைய தடங்களில் அப்படி இல்லை. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மெல்லிய மின்சாரம் ஓடவிடுவார்கள். வண்டியின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடுவதால் மின்சாரம் ரிலேவுக்கு (மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்சுக்கு) போகாது, ரிலே விழும், பின்னால் சிக்னல் சிவப்பாகும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. இன்றும் உலகம் முழுக்க உயிர் காத்துக்கொண்டிருக்கிறது. மோதல் தடுக்க இது போதும், ஏனென்றால் ‘இந்தத் துண்டில் ஏதோ ஒரு வண்டி நிற்கிறது’ என்று தெரிந்தாலே போதும். எந்த வண்டி, எங்கே போகிற வண்டி, துண்டின் எந்த முனையில் இருக்கிறது, இதெல்லாம் அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நமக்கு நிமிடம் சொல்வதற்காக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லையே.

நியூயார்க் கதை இதற்கு நல்ல உதாரணம். அங்கே எண்ணால் அழைக்கப்படும் தடங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2011 வாக்கிலேயே இந்த போர்டு வந்துவிட்டது. எழுத்தால் அழைக்கப்படும் தடங்களில், 2007இலேயே போர்டு வந்த ‘எல்’ தடம் நீங்கலாக மற்றவை பல வருஷம் காத்திருந்தன. சிக்னலை முழுசாக மாற்ற வேண்டுமென்றால் பெரிய செலவு, பெரிய காலம். கடைசியில் அவர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது: வண்டியின் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் புளூடூத் கருவி, நிலையத்தில் அதைக் கேட்கும் ரிசீவர்கள். வண்டி எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது என்று பார்த்து அடுத்த நிலையத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். 2018 பிறக்கும்போதுதான் எல்லா நிலையங்களுக்கும் போர்டு வந்து சேர்ந்தது. நாம் ஹெட்போனுக்குப் பயன்படுத்துகிற அதே தொழில்நுட்பம்!

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டால், கடைசியாகப் பார்த்த இடத்தை வைத்துக்கொண்டு கணக்கு அனுமானமாகிவிடும். புது ரகத் தடங்களில் வண்டியே தன் இருப்பிடத்தை ரேடியோவில் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும், ஆனால் அங்கேயும் தெரிவது வண்டி எங்கே இருக்கிறது என்பதுதான். எப்போது வரும் என்பது எப்போதுமே ஊகம். முன் நிலையத்தில் ஒருவர் கதவில் பையை மாட்டிக்கொண்டு இழுத்தால் 20 விநாடி போச்சு. நமக்கு முன்னால் போன வண்டி பிளாட்பாரத்தைக் காலி செய்யாவிட்டால், நம் வண்டி சுரங்கத்துக்குள் நிற்கும், போர்டு ‘1’இல் உறைந்து நிற்கும். தடத்தின் தொடக்க நிலையங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுடைய வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, அதனால் பல அமைப்புகளில் அவர்கள் பார்க்கும் நிமிடம் கால அட்டவணையிலிருந்து எடுத்தது. ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாரா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

என் குறை இதுதான். கண்ணால் கண்ட வண்டிக்கும் காகிதத்தில் மட்டும் இருக்கிற வண்டிக்கும் ஒரே எழுத்து, ஒரே நிறம், ஒரே ‘2 நிமிடம்’. அட்டவணை நேரம் என்றால் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போடுங்கள். வண்டி நடுவழியில் நிற்கிறது என்றால் ‘நிற்கிறது’ என்று போடுங்கள். அதைச் சொல்ல என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை.

மாஸ்கோவில் பல காலம் இதை வேறு விதமாகச் செய்தார்கள். பிளாட்பாரக் கோடியில், சுரங்க வாய்க்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம், போன வண்டி கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று என்று மேல்நோக்கி எண்ணும். கேட்டால் சிரிப்பு வரும், போன வண்டி போனால் எனக்கென்ன என்று தோன்றும். ஆனால் நெரிசல் நேரத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் ஊரில் அந்த எண் 1:10 என்று காட்டினால் மீதியை நாமே போட்டுக்கொள்ளலாம். முக்கியமாக, அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது, அதனால் தப்பே ஆகாது. டோக்கியோவில் பல இடங்களில் நிமிடக் கணக்கே கிடையாது, 8:42 என்று புறப்படும் நேரமாகவே இருக்கும். சில போர்டுகள் வண்டி முந்தைய நிலையத்தை விட்டுக் கிளம்பியதைக் காட்டும். எனக்கு அது போதும். எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடு, மீதி என் பாடு.

இன்னொன்று. ஒரே ஒரு வண்டியை மட்டும் காட்டும் போர்டுகளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. மணிக்கு 6 வண்டி என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் 10 நிமிட இடைவெளியில் வந்தால், நினைத்த நேரத்துக்கு வருகிற பயணி சராசரியாக 5 நிமிடம் நிற்பார். அதே 6 வண்டி 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால்? பத்தில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள், சராசரி 8.2 நிமிடம் ஆகிவிடும். நிர்வாகத்தின் கணக்கில் இரண்டுமே ‘மணிக்கு 6’. தாமதமான வண்டிக்குக் கூட்டம் சேரும், கூட்டம் ஏறி இறங்க நேரமாகும், அதனால் அது இன்னும் தாமதமாகும், பின்னால் வருகிற வண்டி காலியாக வந்து அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். போர்டில் ‘1, 3, 21’ என்று மூன்றையும் போட்டால், முதல் வண்டியில் தொங்காமல் பின்னால் வருவதில் உட்கார்ந்து போகலாமே என்று சிலராவது விடுவார்கள்.

அப்புறம், போர்டைக் கொண்டுபோய் கடைசிப் படிக்குக் கீழே மாட்டுவது. டிக்கெட் கேட்டுக்கு வெளியே, தெருவிலிருந்து இறங்கும் வாயிலிலேயே இருந்தால், 2 நிமிடமா 18 நிமிடமா என்று பார்த்து ஓடுவதா, நடப்பதா, திரும்பிப் போய் வேறு வண்டி பிடிப்பதா என்று முடிவு செய்யலாம். போனில் ஆப் இருக்கிறதே என்பார்கள். ஆப்பும் பெரும்பாலும் அதே தரவைத்தான் காட்டுகிறது. போன் இல்லாதவர், பார்வை இல்லாதவர் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒலிபெருக்கியில் அதையே சொல்ல வேண்டும், அது தனிப் பதிவுக்கான விஷயம்.

இத்தனையும் எழுத வைத்தது அந்த 9 நிமிடம் என்று நினைத்தேன், யோசித்தால் அதற்கு முன்பே ஒரு ராத்திரி. இரவு ரொம்ப நேரமாகிவிட்டது, பிளாட்பாரத்தில் நான் மட்டும், போர்டில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. ரிப்பேரா, தகவல் வரவில்லையா, வண்டியே இல்லையா என்று தெரியாமல் அதன் கீழே நின்றுகொண்டிருந்தேன். காற்று வருகிறதா என்று முகத்தைச் சுரங்கத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் பெருக்கிக்கொண்டு வந்த ஒரு அம்மாதான் சொன்னார்: “கடைசி வண்டி போயி அரை மணி நேரம் ஆச்சே சார். அங்க ஒண்ணும் போடலையா?” நான் அண்ணாந்து போர்டைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.