கப்பல் அறைக்குள் இஸ்திரிப் பெட்டி செல்லாது

"சின்ன இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போங்கள், கப்பல் அறையிலேயே தேய்த்துக்கொள்ளலாம், நீராவிக் கருவி என்றால் இன்னும் நல்லது" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அதை நம்பிக் கும்பகோணத்திலிருந்து மூட்டை கட்டிவிடாதீர்கள். பெரும்பாலான சொகுசுக் கப்பல்களில் இரண்டுக்குமே தடை. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடமேது? ஏறும்போது சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடிந்து இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். (என் பெட்டி போனபிறகுதான் எனக்கும் புத்தி வந்தது.) சில கப்பல்களில் பொதுச் சலவை அறையில் தேய்த்துக்கொள்ளலாம், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

குளியலறை ஆவியில் துணியைத் தொங்கவிட்டால் சுருக்கம் போகும் என்பார்களே, அது பாதி சரி. ஈரம் பட்டால் பருத்தி இழைகளின் பிடிப்பு தளர்ந்து லேசான சுருக்கம் இறங்கும். ஆனால் கஞ்சி போட்ட வேட்டி விறைப்பு போய்த் துவண்டுவிடும். சரிகை போட்ட பட்டுத் துணியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். திருபுவனத்துப் பட்டுப்புடவையை விசிறி மடிப்பாகத் தருவார்களே, அந்த மடிப்பைக் கலைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். சட்டைகளை மடிக்காமல் சுருட்டினால் கூரான கோடு விழாது. இன்னொன்று: அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுதான். இரண்டு காந்தக் கொக்கிகள் இருந்தால், போய்ச் சேர்ந்தவுடனே துணிகளைத் தொங்கவிட்டுவிடலாம்.