கர்த்தர் சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா?

தேர்தல் நெருங்கினால் போதும், வாட்ஸாப் குழுக்களில் தீர்க்கதரிசனம் வர ஆரம்பித்துவிடுகிறது. "கர்த்தர் உரைக்கிறார்" என்று தொடங்கும், நடுவில் ஒரு தலைவரின் பெயர் வரும், "குறைந்தது பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று முடியும். தலைவரின் பெயர் மட்டும் குழுவுக்குக் குழு மாறும். எதிரெதிராக நிற்கும் இரண்டு பேருக்கும் கர்த்தர் வெற்றியை வாக்குப்பண்ணியிருப்பார், அதுவும் ஒரே வாரத்தில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தீர்க்கதரிசன வரத்தை நம்புகிறவன். அது அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துபோனது என்று வாதாடுகிற ஆள் இல்லை. கிறிஸ்தவனுக்கு அரசியல் எதற்கு என்றும் கேட்கமாட்டேன். ஓட்டுப் போடுங்கள், கட்சியில் சேருங்கள், மேடையேறிப் பேசுங்கள். ஆனால் உங்கள் அரசியல் கருத்தை உங்கள் கருத்தாகவே சொல்லுங்கள். அதன் கீழே கர்த்தரின் கையெழுத்தை நீங்களே போடாதீர்கள். கருத்து என்றால் நான் மறுத்துப் பேசலாம், நீங்களும் மனம் மாறலாம். "கர்த்தர் சொன்னார்" என்று ஆரம்பித்துவிட்டால் எதிர்த்துக் கேட்கிறவன் அவிசுவாசி ஆகிவிடுகிறான். அதற்கு மேல் சபையில் பேச்சு ஏது?

எரேமியா 28-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். பாபிலோன் ஏற்கெனவே ஒருமுறை எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் ஆலயத்துப் பணிமுட்டுகளையும் கொண்டுபோயிருந்தது. சிதேக்கியா சிங்காசனத்தில் இருக்கிறார். முந்தின அதிகாரத்தில் ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் ராஜாக்களின் தூதர்கள் எருசலேமுக்கு வந்திருக்கிறார்கள். பாபிலோனை எதிர்ப்பதா, அடங்கிப்போவதா என்பதுதான் பேச்சு. அப்பட்டமான அரசியல். எரேமியா கழுத்தில் நுகத்தைப் போட்டுக்கொண்டு, அடங்கிப் போங்கள் என்கிறார். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஆசாரியர்களும் ஜனங்களும் பார்க்க எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். அதுவும் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றே. யார் பேச்சு ஜனங்களுக்கு இனித்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

எரேமியாவின் பதில் "ஆமென்" என்று தொடங்குகிறது. கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் தன் ஆசையைக் கர்த்தரின் வார்த்தையாக அவர் மாற்றிச் சொல்லவில்லை. சமாதானம் வரும் என்கிறவனைக் கர்த்தர் அனுப்பினாரா இல்லையா என்பது அது நடக்கும்போது தெரியும் என்று மட்டும் சொல்கிறார். உடனே அனனியா அவர் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்துப் போடுகிறான். அத்தனை பேர் முன்னால். அப்போது எரேமியா என்ன செய்தார் தெரியுமா? பேசாமல் தன் வழியே போய்விட்டார். எனக்கு அந்த அதிகாரத்திலேயே பிடித்த இடம் அதுதான். அந்த நேரத்தில் அவரிடம் புது வார்த்தை இல்லை, அதனால் வாயைத் திறக்கவில்லை. கர்த்தருடைய வார்த்தை அப்புறம்தான் வருகிறது, அப்புறம்தான் திரும்பிப் போய் அனனியாவிடம் பேசுகிறார். இன்றைக்கு ஒரு செய்தி வெடித்து அரை மணி நேரத்தில் அதற்கான தீர்க்கதரிசனம் யூடியூபில் ஏறிவிடுகிறது.

உண்மையான தீர்க்கதரிசிக்கும் அவசரத்தில் பிசகும். நாத்தானைப் பாருங்கள். தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டதும், உம் மனதில் உள்ளபடி செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று பட்டென்று சொல்லிவிட்டார். நல்ல ராஜா, நல்ல திட்டம், இதில் கர்த்தருக்கு என்ன ஆட்சேபம் இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார். அன்று ராத்திரியே கர்த்தர் வேறு சொன்னார். நாத்தான் திரும்பிப் போய் ராஜாவின் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொன்னார் (2 சாமுவேல் 7). சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை.

இந்தத் திரும்பிப் போய்ச் சொல்வதுதான் இன்று அபூர்வமாகிவிட்டது. அமெரிக்காவில் 2020 தேர்தலுக்கு முன்பு, பெயர்பெற்ற தீர்க்கதரிசன ஊழியர்கள் பலர் டிரம்ப் மறுபடியும் ஜெயிப்பார் என்று கர்த்தரின் பெயரால் சொன்னார்கள். 2021 ஜனவரி 20 அன்று பதவியேற்றவர் பைடன். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்ட சிலரில் ஜெரமையா ஜான்சன் ஒருவர். அதற்குக் கிடைத்த பலன், கிறிஸ்தவர்களிடமிருந்தே குவிந்த வசை மின்னஞ்சல்களும் கொலை மிரட்டல்களும் என்று அவரே சொன்னார். பொய்த்துப்போன தீர்க்கதரிசனத்தைவிட எனக்கு இதுதான் அதிக பயம் தருகிறது. தீர்க்கதரிசி தன்னைத் திருத்திக்கொண்டாலும் கூட்டம் அவரை விடுவதாக இல்லை.

டிரம்ப்தான் 2024-ல் ஜெயித்துவிட்டாரே என்பார்கள். சரி, ஜெயித்தார். இவர்கள் சொன்னது 2020. தேதியை இழுத்துக்கொண்டே போனால் எந்தத் தீர்க்கதரிசனமும் தோற்காது. (டிரம்ப் பெயர் இருந்த இடத்தில் பைடன் பெயர் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.) அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்ப்பிங் நியாயத்தீர்ப்பு நாள் 2011 மே 21 என்றார், தவறியதும் அக்டோபர் 21 என்றார். அதுவும் போனது. ஆனால் அடுத்த ஆண்டு தன் தவறை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்காவது நம் ஆட்களுக்குத் துணிச்சல் வேண்டாமா?

அரசியல் நிகழ்வைக் கர்த்தரின் வெளிப்பாடாகவே எடுத்துக்கொண்டால் அது எதுவரை போகும் என்பதை ஜெர்மனி பார்த்தது. 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததைக் கர்த்தரின் செயல் என்று பிரசங்கித்த போதகர்கள் இருந்தார்கள். அதை எதிர்த்து 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள், இறையியலாளர் கார்ல் பார்த் பெரும்பங்கு எழுதிய அறிக்கையின் முதல் பிரிவிலேயே அதற்குப் பதில் சொன்னார்கள்: நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்து, வேறு சம்பவங்களையும் வல்லமைகளையும் ஆட்களையும் தேவனுடைய வெளிப்பாடாகச் சபை ஏற்க முடியாது. குறையில்லாத அறிக்கை இல்லை அது. யூதர்களுக்கு நடந்துகொண்டிருந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை, பிற்காலத்தில் கார்ல் பார்த் தாமே அதற்காக வருந்தினார். அதனால்தான் சொல்கிறேன், ஜெயிப்பவர் பெயரைச் சொல்வதைவிட, ஜெயித்தவர் செய்கிற அநியாயத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்வதுதான் தீர்க்கதரிசிகளான ஆமோஸும் மிகாயாவும் செய்த வேலை. இன்று அந்த வேலைக்கு வரிசையில் ஆளைக் காணோம்.

நம் பக்கமும் சுத்தம் இல்லை. ஜெபக்கூட்டத்தில் ஆட்சியில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கும்போது ஆமென் எங்கே சத்தமாக வருகிறது, எங்கே தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று கவனித்தாலே யார் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். நம்ம ஆட்கள் ஆட்சிக்கு வந்தால் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ எடுக்கிறோம், மற்றவர்கள் வந்தால் அதிகாரத்தை மிருகமாகக் காட்டும் வெளிப்படுத்தல் 13-ஐ எடுக்கிறோம். பவுல் ரோமருக்கு எழுதியபோது சிங்காசனத்தில் இருந்தவன் நீரோ.

சரி, சபைக்குள் கருத்து வேறுபட்டால் என்னதான் செய்வது? அப்போஸ்தலர் 21-இல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இந்தக் கச்சைக்காரனை இப்படித்தான் கட்டுவார்கள் என்கிறார். எல்லோரும் அழுது, போகவேண்டாம் என்கிறார்கள். தீர்க்கதரிசனத்தை பவுலும் மறுக்கவில்லை, ஆனால் போகிறேன் என்கிறார். ஒரே வார்த்தையைக் கேட்ட விசுவாசிகள் இரண்டு விதமான முடிவுக்கு வருகிறார்கள். அதற்காக யாரும் யாரையும் கீழ்ப்படியாதவன் என்று சொல்லவில்லை. செசரியா சீஷர்களில் சிலர் அவரோடு எருசலேமுக்கே புறப்பட்டுப் போய், தங்குவதற்கு ஒரு வீட்டிலும் கொண்டுபோய் விடுகிறார்கள்.

இதற்கு மறுப்பாக "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று சங்கீதம் 105:15-ஐ எடுத்துக்கொண்டு யாராவது வருவீர்கள், தெரியும். வாருங்கள். முந்தின மூன்று நான்கு வசனங்களையும் சேர்த்துப் படித்துவிட்டு வாருங்கள். அங்கே பாதுகாக்கப்படுகிறவர்கள் சொந்த நிலமில்லாமல் தேசம் தேசமாக அலைந்த ஒரு சிறு குடும்பம், கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் ராஜாக்கள். அப்படியே உபாகமம் 18:22-இன் கடைசி வரியையும் பார்த்துவிடுங்கள். சொன்னது நடக்காமல்போன தீர்க்கதரிசியைப் பற்றி மோசே அங்கே சொல்வது, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்."