மெம்பிஸ் கோல்ஃப் போட்டி: விட்டுப்போன பாதி

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நடக்கும் கோல்ஃப் போட்டி பற்றிய உங்கள் கட்டுரையில், கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ்தான் அதைத் தொடங்கியது போல எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. 1958-லேயே மெம்பிஸ் ஓப்பன் என்று ஆரம்பித்துவிட்டார்கள். 1970-ல் நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் தன் பெயரைக் கொடுத்து, 1962-ல் அதே ஊரில் தான் நிறுவிய செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் போட்டியாக மாற்றினார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்களுக்குப் பில்லே அனுப்பாத மருத்துவமனை அது, பணத்தில் பெரும்பகுதி நன்கொடையாகத்தான் வரவேண்டும். ஃபெடெக்ஸ் வந்தது 1986-ல்தான்.

அப்புறம் 1977-ஐ எப்படி விட்டீர்கள்? அந்த ஆண்டுப் போட்டி வாரத்தில், தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மற்றவர்களும் சேர்ந்து ஆடும் ப்ரோ-ஆமில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு ஹோல்-இன்-ஒன் அடித்தார், அதாவது ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டார் (பந்தைப் பார்வையாளர்கள் மேல் அடிப்பதற்குப் பேர்போன மனிதர்!), இரண்டு நாள் கழித்து போட்டியின் இரண்டாம் சுற்றில் கோல்ஃப் வீரர் அல் கைபெர்கர் 59 அடித்தார், அதாவது 18 குழிகளையும் 59 அடிகளில் முடித்தார், அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரில் ஒரு சுற்றில் 60-க்குக் கீழே யாரும் போனது அதுதான் முதல் தடவை. கோப்பையும் அவருக்கே.

இப்போது அந்தப் போட்டி ஃபெடெக்ஸ் கப் பிளேஆஃப், அதாவது பிஜிஏ டூரின் சீசன் முடிவில் முன்னணி வீரர்கள் மட்டும் ஆடும் போட்டிகளில் ஒன்று, ஆகிவிட்டது. 2023 முதல் 70 பேர்தான் ஆட முடியும், பரிசுத் தொகையோ 2 கோடி டாலர். எனக்கென்னவோ பழைய போட்டிதான் பிடித்திருந்தது.