சளி பிடித்திருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்

கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். "அவன் முன்ன மாதிரி இல்ல, யாரோடயும் ஒட்ட மாட்டேங்கிறான்" என்று சொந்தத்துக்குள் ஒரு பேச்சு ஓடுவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எனக்குள் வேலை செய்வது அம்மா கொடுத்த சிறுநீரகம். எத்தனை வருஷம் ஆனாலும் என் உடம்பு அதை வெளிப்பொருளாகத்தான் பார்க்கும். பார்த்து அழிக்கப் போகும். அதைத் தடுக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன் என்று மாத்திரைகள். நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும். சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி குறைந்தே இருக்கும். "ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத்தானே இருக்க, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்கிறவர்களுக்கு: நல்லா இருப்பதே அதனால்தான்.

உங்களுக்கு ஒரு கஷாயத்தோடு போகிற சளி எனக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். அப்போதும் காய்ச்சல் சரியாகக் காட்டாது. பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு, அது காய்ச்சலை அமுக்கிவிடும். உடம்பு தொட்டால் சுடவில்லையே என்று சும்மா இருக்க முடியாது.

நம் வீட்டு விசேஷங்களில் பாசம் முழுக்கக் கையில்தான் இருக்கிறது. அத்தைமார்கள் இரண்டு கன்னத்தையும் வழித்து, தங்கள் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். அந்தக் கையால் ஏற்கெனவே மூக்கைத் துடைத்திருப்பார்கள். பெரியப்பா விபூதி பூசுவார். மேடையில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்க வரிசை நிற்கும், முந்நூறு பேர் பிடித்த கையை முந்நூற்றி ஒன்றாவதாக நான் பிடிக்க வேண்டும். துக்க வீட்டிலோ கட்டிப் பிடித்து அழுதால்தான் வந்த கணக்கு.

2014இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கையுறையில் பாக்டீரியாவைத் தடவிக் கொண்டு ஒருவரோடு ஒருவர் கை குலுக்கினார்கள், உள்ளங்கையைத் தட்டினார்கள், முஷ்டியை மோதினார்கள். குலுக்கும்போது போனதில் ஏறக்குறைய பாதிதான் தட்டும்போது போனது, முஷ்டி மோதும்போது பத்தில் ஒரு பங்கு. சரி, அதற்காக எழுபது வயது சித்தப்பாவிடம் முஷ்டியை நீட்ட முடியுமா? கும்பிடலாம். ஆனால் கூடப் பிறந்த மாதிரி வளர்ந்தவனைப் பார்த்துக் கும்பிட்டால் ஓட்டுக் கேட்டு வந்தவன் மாதிரி இருக்கிறதாம்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கை கொடுக்காமல் விலகி நிற்பதற்கு நம் ஊரில் வேறொரு பழைய அர்த்தமும் இருக்கிறது. தொட்டால் தீட்டு என்று மனிதர்களை ஒதுக்கிய ஊர் இது. வேலை பார்க்கும் இடத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கையை நீட்டினார், நான் கும்பிட்டேன். அவர் முகம் சட்டென்று சுருங்கியது. அதனால் இப்போதெல்லாம் கும்பிடும்போதே "கிட்னி மாத்தியிருக்கு தம்பி, தொத்து வந்தா தாங்காது" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். என் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரைக் குறுக வைக்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? மண்டபம் பூராவுக்கும் என் வைத்தியக் கதை தெரிந்தாகிவிட்டது. சளி பிடித்து வந்திருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே.

இது நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். பார்த்தவர்கள் வாசலோடு விசாரித்துவிட்டுத் திரும்புவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டாரும் எங்கும் போக மாட்டார்கள். யாருக்கும் யார் மேலும் வருத்தம் வராது, ஏனென்றால் நோய் இருக்கும் வீடே முன்வந்து சொல்லிவிடுகிறது. (கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே அம்மை பரவ ஆரம்பித்துவிடும், அதனால் வேப்பிலையும் கொஞ்சம் தாமதம்தான். இருந்தாலும் அந்த வழக்கத்தை நான் மெச்சுகிறேன்.) சளிக்கும் இருமலுக்கும் மட்டும் ஏன் இந்த நாகரிகம் இல்லாமல் போனது?

என் மச்சான் ஒருவர் இருக்கிறார். தெருமுனையில் நின்று போன் போட்டு, "மாப்ள, தொண்டை கரகரங்குது, வாசல்லயே உக்காந்து பேசிட்டுப் போறேன், காபிய மட்டும் நீட்டச் சொல்லு" என்பார். எனக்கு அவரைவிட நெருக்கமானவர் யாரும் இல்லை.

என் பக்கம் செய்வதைச் செய்கிறேன். கூட்டத்தில் மாஸ்க். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி, எனக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும். பையில் சானிடைசர் இருந்தாலும் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுத்தான் கை கழுவுகிறேன். வாந்தியும் பேதியும் கொண்டுவரும் நோரோவைரஸ் சானிடைசருக்குச் சரியாக மசியாது, தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), முடக்குவாதம் இவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் என்று என்னைப் போல இன்னும் பலர் உங்களைச் சுற்றி இருக்கலாம். எல்லோரும் வெளியே சொல்வதில்லை.

இன்னொன்று. கட்டிப் பிடித்துவிட்டுப் போன பிறகு, மறுநாள் உங்களுக்கு ஃப்ளூ என்றோ, குழந்தைக்கு அம்மை என்றோ தெரியவந்தால், சங்கடப்பட்டு மறைக்காதீர்கள். ஃப்ளூவுக்கான மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். அம்மைக்கும் என் போன்றவர்களுக்கு முன்கூட்டியே போட ஊசி இருக்கிறது, அதையும் சீக்கிரம் போட வேண்டும். நீங்கள் சொன்னால்தான் நான் டாக்டரிடம் ஓட முடியும். ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கூப்பிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.